குவளையில் பிடித்த திருஷ்டி

மந்திரவாதி பால்தொமேரோ எங்கள் லோரேதா துறைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் பாதிரியார் வெறும் நாற்காலிகளுக்குப் பூசை வைத்தார். ஊர் முழுக்க மீன் ஏலக்கூடத்தில் வரிசையில் நின்றது. முழங்கால் வலி என்று ஒரு வருடமாகப் படுத்திருந்தவர்கூட நாலு பேரை முழங்கையால் தள்ளி முன்னால் வந்து நின்றார். அற்புதம் அப்போதே தொடங்கிவிட்டது.

பால்தொமேரோ கடலோடு பேசுகிறவராம். கடலும் பதில் சொல்லுமாம். ஸ்பெயினில் எங்கள் காலிசியக் கரையில் இத்தனை நூற்றாண்டாக மீன் பிடித்த எவனோடும் பேசாத கடல், உள்நாட்டு மலையிலிருந்து பேருந்தில் வந்தவரோடு பேசியது. கேட்டால், அதுதான் அவருடைய மகிமை என்றார்கள்.

ஊருக்கு வந்த துன்பம் மட்டும் பொய்யில்லை. நாங்கள் மிதவைகளில் சிப்பி வளர்க்கிறவர்கள். பாறையில் சுரண்டிய சிப்பிக் குஞ்சுகளைக் கயிற்றில் அப்பி, மேலே மெல்லிய வலைத்துணி சுற்றிக் கடலில் இறக்குவோம். சில நாளில் துணி தானே கரைந்து போகும். அதற்குள் குஞ்சு தன் நாரால் கயிற்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு வருடமாகத் துணி ஒழுங்காகக் கரைந்தது; குஞ்சுதான் பற்றவில்லை. கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மிஞ்சியவற்றின் ஓடு நகம் பட்டாலே நொறுங்கியது.

யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. யார் என்று சொல்லத்தான் ஆள் வேண்டியிருந்தது.

பால்தொமேரோவின் சோதனை எளிமையானது. ஒரு குவளைக் கடல் நீர். அதில் அவருடைய புனித மருந்து சில சொட்டு. நீர் அழகாக நீலப்பச்சையாகும். சந்தேகப்பட்டவர் குழாய் வைத்து அதில் ஊத வேண்டும். அவர் ஜெபம் சொல்லுவார். ஜெபம் முடியும்போது நீர் அப்படியே இருந்தால் அந்த ஆள் சுத்தம். தவக்காலத்தில் கோவில் சிலைகளை மூடும் திரைபோல ஊதாவாக மாறினால், கடலில் விழுந்தது அந்த ஆளின் கண். கழிப்புக்குப் பன்றித் தொடையும் வெள்ளை ஒயினும் கொஞ்சம் நோட்டும் ஊரார் முன்கூட்டியே வைத்துவிட்டார்கள்.

மிதவைச் சங்கத் தலைவர் எலிசேயோ முதலில் ஊதினார். அவர் வீட்டில்தான் பால்தொமேரோ தங்கி, ஆக்டோபஸ் தின்று கொண்டிருந்தார். அவருக்குச் சொன்னது ஒரே ஒரு சின்ன மங்கள வார்த்தை ஜெபம், அதையும் பாதிரியாரே பொறாமைப்படும் வேகத்தில். நீர் நீலப்பச்சையாகவே இருந்தது. கூட்டம் கை தட்டியது.

அடுத்து தோசிந்தா. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஒற்றை மிதவையை வைத்துப் பிழைப்பவள். அந்த மிதவை நின்றது நீரோட்டம் நன்றாக வரும் இடத்தில். எலிசேயோவுக்கு அந்த இடத்தின்மீது வெகுகாலமாக ஒரு கண். அதைத் திருஷ்டி என்று யாரும் சொல்லவில்லை.

அவளுக்குப் பால்தொமேரோ புனிதர்களின் பிரார்த்தனையை எடுத்தார். பேதுரு, பவுல், அந்திரேயா, யாக்கோபு என்று புனிதர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சொர்க்கத்தில் ஒருவரையும் விடவில்லை. ஊதி ஊதித் தோசிந்தாவின் முகம் சிவந்தது, குவளை ஊதாவானது.

எலிசேயோ அங்கேயே தீர்ப்புச் சொன்னார்: அவள் மிதவையைக் கழிமுகத்துக்கு வெளியே இழுத்துக் கட்ட வேண்டும். ஒரே ஒரு குளிர்காலப் புயல் போதும், அங்கே அது விறகாகிவிடும். நேற்றுவரை அவளிடம் உப்புக் கடன் வாங்கியவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

தோசிந்தா வாயைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை.

"இன்னும் நாலு குவளை ஊத்துங்க ஐயா. எல்லாத்துக்கும் ஒரே ஜெபம். எனக்குச் சொன்ன அதே நீள ஜெபம்."

பால்தொமேரோ மருந்து தீர்ந்துவிட்டது என்றார். பெரிய சீசா மேசைமேலேயே இருந்தது. அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு வேக வைக்கிற ஊதாக் கோஸ் சாறு. புளிச்ச காடி ஊத்தினா நிறம் மாறும். இங்க எந்தப் பொம்பளைக்கு இது தெரியாது?"

பெண்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வரிசையில் நின்றபோது மறந்திருந்தார்கள்.

ஏலக்கார மிங்கோஸின் சைக்கிள் பம்பு வந்தது. புனிதர்கள் எல்லோரும் வந்து போகும்வரை முதல் குவளைக்குள் காற்று அடித்தார்கள். நிறம் அசையவில்லை. பிறகு எலிசேயோ ஊதினார். பாதிப் புனிதர்கள் வருமுன்பே ஊதா.

"தலைவரே," என்றார் மிங்கோஸ், "உங்க மிதவைய எந்தப் பக்கம் இழுக்கட்டும்?"

மூன்றாவது குவளையைப் பால்தொமேரோவிடம் நீட்டினார்கள். தனக்குத் தொண்டை சரியில்லை என்றார். ஊர் அன்போடு அவரைச் சூழ்ந்துகொண்டது. ஊதினார். நல்ல நெஞ்சு அவருக்கு. கூடத்திலேயே அழகான ஊதா அவருடையதுதான்.

கடைசிக் குவளையைத் தோசிந்தா துறைக்குக் கொண்டுபோனாள். எலிசேயோவின் படகு இன்ஜினை ஓடவிட்டு, புகைக்குழாயிலிருந்து ஒரு ரப்பர் குழாயைக் குவளைக்குள் விட்டாள். உடனே ஊதா. ஜெபத்துக்கு வேலையே இருக்கவில்லை.

"பாத்துக்கங்க. நம்ம எல்லாரையும்விட இதுதான் பெரிய சூனியக்காரி," என்றாள். "நம்ம மூச்சுலயும் எரிச்ச புகையிலயும் ஒரே வாயு இருக்கு, கரியமில வாயு. தண்ணில கரைஞ்சா தண்ணி புளிப்புப் பக்கமா நகரும். வெறும் காத்துல அது கொஞ்சூண்டு, அதான் பம்பு தப்பிச்சுது."

"அப்ப நாம மூச்சு விடுறதாலதான் சிப்பி சாகுதா?" என்று ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீ தாராளமா மூச்சு விடுப்பா. அது நீ தின்ன ரொட்டியிலேருந்து வந்தது, திரும்பக் கோதுமைக்கே போயிரும். பூமிக்கடியில கிடந்த எண்ணெயையும் கரியையும் தோண்டி உலகமே எரிக்குதே, அந்தப் புகைக்குத்தான் திரும்பிப் போக இடமில்ல. நாலுல ஒரு பங்க கடல் குடிக்குது. சிப்பி ஓடு சுண்ணாம்பு. தண்ணி அப்படி நகர நகர, குஞ்சுக்கு ஓடு கட்டுறது கஷ்டமாகுது, பிடிமானமும் போகுது. தண்ணி அள்ளிச் சோதிக்க வர்ற ஆய்வுக்கூடத்துப் பொண்ணுங்க இதே கூடத்துல வந்து சொன்னாங்க. காசு கேக்கல. அதான் யாரும் நம்பல."

அந்தப் பெண்கள் பேசியதைக் கேட்க வந்திருந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

பால்தொமேரோ அதற்குள் பேருந்து நிறுத்தத்தில் இருந்தார். பன்றித் தொடைகளைச் சுமந்துகொண்டு ஓட முடியாததால் விட்டுவிட்டுப் போயிருந்தார். மிதவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சங்கம் கை தூக்கியது. எலிசேயோவின் கையும் தூக்கப்பட்டது, மிங்கோஸ் உதவினார். பிறகு எலிசேயோ மெதுவாகக் கேட்டார்:

"அப்ப குத்தம் யார் மேலதான்?"

தோசிந்தா துறையில் நின்ற படகுகளைக் காட்டினாள், தன்னுடையதையும் சேர்த்து. சாலை லாரிகளைக் காட்டினாள். வளைகுடாவுக்கு அப்பால் தெரிந்த ஆலைப் புகைபோக்கியைக் காட்டினாள். கை வலித்ததோ என்னவோ, இறக்கிக்கொண்டாள்.

கூட்டம் முகம் சுளித்தது. ஒரு விதவை என்றால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும். எல்லோருக்கும் பங்கிருக்கிற குற்றத்தை எந்தக் கழிமுகத்துக்கு வெளியே இழுத்துக் கட்டுவது? இரண்டு பேர் என் காதுபடவே, அடுத்த ஊரில் இன்னும் நல்ல மந்திரவாதி இருப்பதாகப் பேசிக்கொண்டு போனார்கள்.

போகட்டும். அவரும் உங்களை ஊதத்தான் சொல்லுவார், யோசிக்கச் சொல்லமாட்டார். நீங்கள் ஒருமுறை யோசித்துவிட்டால், அவர் பேருந்துக் கட்டணத்தை யார் கொடுப்பது?