பூட்டிய கடையின் புரவலர்

பூட்டிய கடைக்கு முன்னால் புன்னகையோடு நிற்கிற ஒரு ரகம் மனிதர்களில் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கையில் துணிப்பை, முகத்தில் கடமை உணர்ச்சி. சாமான் வாங்குவது இவர்களுக்கு இரண்டாம் பட்சம். கடைக்கு வாழ்வு கொடுப்பதுதான் முதல் வேலை. புரவலர் என்று பெயர் வைப்போம், தகும்.

நம் தெருப் புரவலரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எது விலை அதிகம், எது குறைவு என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். அதிகம் கொடுக்கும்போதுதான் அவருக்கு நெஞ்சு நிமிரும். மாடி வீட்டுக்காரர் ஒரு வாளி வாங்கி வந்தால் போதும், படிக்கட்டிலேயே மறித்து, எங்கே வாங்கியது, ஏன் அந்தப் பெரிய கடையில் வாங்கியது, அங்கே இருக்கிற எவனுக்காவது உங்கள் முகம் தெரியுமா, நாளைக்கு உங்களுக்கு உடம்புக்கு வந்தால் அந்தக் கடை வந்து எட்டிப் பார்க்குமா என்று அடுக்கி, அந்த மனிதர் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கும்வரை விடமாட்டார்.

அவர் ஆதரிப்பது தெருமுனை ஹார்டுவேர் கடையை. குழாய், பல்பு, ஆணி, தாழ்ப்பாள். ‘காலை ஒன்பது மணிக்குத் திறக்கப்படும்’ என்று பலகை சொல்லும். எந்த நாள் காலை என்று சொல்லாது. கடைக்காரர் கடைக்கு மேலேயே குடியிருந்தும் இந்த நிலைமை.

போன வாரம் புரவலர் வீட்டுச் சமையலறைக் குழாயில் வாஷர் தேய்ந்துபோய்ச் சொட்ட ஆரம்பித்தது. மூன்று நாள் சொட்டியது. மூன்று நாளும் கடை பூட்டு.

“ஏங்க, பத்து நிமிஷம் நடந்தா பெரிய கடை. ஒரு வாஷர் வாங்கிட்டு வர முடியாதா?” என்றார் மனைவி.

“நாமளே அங்க போனா, இவர் எங்க போவார்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். கடையைப் பூட்டிட்டு இவர் எங்கதான் போறார்?”

புரவலர் சொட்டுக்குக் கீழே ஒரு கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். மனைவி கெடு வைத்தார். “இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொட்டு நிக்கணும். இல்லைன்னா நானே போய் வாங்கிட்டு, அந்தக் கடைப் பையைத் தெரு பூரா தெரியற மாதிரி ஆட்டிக்கிட்டு வருவேன்.”

மானம் கப்பலேறிவிடும் என்று புரிந்தது. மாடி வீட்டுக்காரர் பார்த்தால் சும்மா விடுவாரா? புரவலர் மத்தியானமே துணிப்பையோடு போய் ஷட்டர் முன்னால் நின்றுகொண்டார். இரண்டு மணி நேரம் கழித்து, கடைக்காரர் தெருக்கோடியிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வந்தார். தோளில் ஒரு பெரிய சிவப்புப் பை. பெரிய கடையின் பை.

“சார், நீங்களா! வாஷர்தானே? உங்க வீட்டம்மா போட்ட சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டுது. வாங்கிட்டு வந்துட்டேன்.”

ஷட்டரைக்கூடத் தூக்காமல் பையிலிருந்தே எடுத்து நீட்டினார். உறையில் பெரிய கடையின் விலைச்சீட்டு.

“இது... அங்க வாங்கினதா?”

“பின்ன? மொத்தக் கடைக்காரங்க எனக்குச் சரக்குப் போடறதை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. நீங்க கேக்கறதையெல்லாம் அங்க போய்த்தான் வாங்கிட்டு வர்றேன். அதான் விலை கொஞ்சம் கூட. போற நேரத்துல கடையைச் சாத்தித்தானே ஆகணும்?”

கணக்கு வாத்தியாருக்கு இரண்டு வருஷமாக விளங்காத இரண்டு கணக்குக்கும் ஒரே மூச்சில் விடை கிடைத்துவிட்டது.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “சார், பொண்ணு வீட்டோட போயிடலாம்னு பாக்கறேன். பேத்தி பொறந்து ஆறு மாசம், இன்னும் தூக்கிப் பார்க்கலை. ஷட்டரை இழுத்து மூடலாம்னு வந்தா, நீங்க பையோட நிக்கறீங்க. மனசு கேக்க மாட்டேங்குது. போயிட்டு வான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா...”

ஒரே ஒரு வார்த்தை. புரவலருக்கு வெட்கமாக இருந்தது. சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் படிக்கட்டும் வாளியும் மாடி வீட்டுக்காரர் முகமும் நினைவுக்கு வந்து தொலைத்தன. கடை போய்விட்டால், நாளைக்கு எதை வைத்து மறிப்பது?

கடைக்காரரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“தைரியத்தை விடாதீங்க! நான் இருக்கேன்ல!”

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

வழியிலேயே உறையைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார் புரவலர். சொட்டு நின்றது. “எங்க வாங்கினீங்க?” என்றார் மனைவி. “நம்ம கடையிலதான்,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. ஈவிரக்கம் இல்லாதவர் என்று அவரை நினைத்துவிடாதீர்கள். மறுநாள் காலையில் ஷட்டர் இடுக்கு வழியாக ஒரு சீட்டைத் தள்ளிவிட்டு வந்தார்: ‘ஒரு தாழ்ப்பாள், இரண்டு பல்பு. அவசரமில்லை. அங்கே போகும்போது வாங்கி வந்தால் போதும்.’

உங்களுக்கும் ஒரு கடை இருக்கும். அடுத்த முறை அது பூட்டியிருந்தால் இரண்டடி பின்னால் நகர்ந்து, மாடி ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். திரை லேசாக அசைகிறதா? உள்ளே ஒருவர் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, நீங்கள் எப்போது நகருவீர்கள் என்று காத்திருக்கிறார். புண்ணியமாய்ப் போகும், நகருங்கள்.

அட, துணிப்பையை ஏன் முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறீர்கள்?