பனி தங்காத கூரை

முதல் முறையாக வீட்டுக்குள் செடி வளர்க்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. லண்டனில் இந்த இனத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் பார்த்த உடனே கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் வளர்ப்பதை இவர் யாருக்கும் சொல்ல மாட்டார். நடத்தையை வைத்துத்தான் பிடிக்கவேண்டும். விருந்தாளி மாடிப்படியில் ஒரு காலை வைத்ததுமே இவர் இரண்டு படி முன்னால் பாய்ந்து நின்று, மேலே பாத்ரூம் பழுது, கீழே இருப்பதைப் பாவியுங்கள் என்பார். கதை நல்ல இடத்துக்கு வரும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஓடுவார். இறங்கி வரும்போது முதல் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தவரைப் போல முகம் முழுக்கச் சிரிப்பாக இருப்பார். என்ன என்று கேட்டால் தலையிடி என்பார். தலையிடிக்காரர் சிரிப்பாரா?

நீங்கள் நினைப்பது விளங்குகிறது. பூட்டிய அறை, விளக்கு, செடி. கஞ்சாதானே? அப்படி நினைத்தவர் நீங்கள் மட்டுமில்லை, பொலிசும் அப்படித்தான் நினைத்தது. இந்த இனத்தில் கஞ்சாக்காரர் நிறையப் பேர் உண்டு. ஆனால் இனத்தின் தலைசிறந்த மாதிரி குட்மேய்ஸில் வாடகை வீடொன்றில் இருந்த சண்முகராசா. அவர் வளர்த்தது கறிவேப்பிலை.

சண்முகராசா, ஆளில்லாத வீதியிலும் பச்சை விளக்கு வரும்வரை காத்து நிற்கிற மனிதர். காரணம் குரோய்டனில் இருந்தது. அங்கே குடிவரவு அலுவலகத்தின் பெரிய கட்டடத்தில் ஏதோ ஒரு தட்டில் அவருடைய விசா பைல் பதினொரு வருடமாகப் படுத்திருந்தது. ஒரு சின்னக் குற்றம் பதிவானாலும் போதும், பைல் துள்ளி எழுந்து குடும்பத்தோடு தன்னைப் பிளேனில் ஏற்றிவிடும் என்று அவர் பயந்தார். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது.

அப்படிப்பட்டவர் ஏன் அறையைப் பூட்டினார்? அதற்கு முன்னால் மூன்று கறிவேப்பிலைக் கன்று வாங்கி, குசினி ஜன்னலில் வைத்து, மூன்றையும் பறிகொடுத்திருந்தார். ஒவ்வொரு முறையும் லண்டனின் இன்னொரு மூலையான எட்மண்டனிலிருந்து மனைவியின் தம்பி பாலேந்திரா வந்து, தேத்தண்ணிக் கோப்பையோடு ஜன்னலடியில் நின்று, "அத்தான், கறிவேப்பிலை அந்தமாதிரி வந்திருக்கு" என்று சொல்லியிருந்தான். ஒவ்வொரு முறையும் ஒரு கிழமைக்குள் செடி மொட்டையானது. ஜன்னல் கண்ணாடியில் உறைபனி படிகிற மாதத்தில் எந்தக் கன்றும் அப்படித்தான் ஆகும் என்று நீங்கள் சொல்வீர்கள். சண்முகராசா அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. வாய்விட்டுப் புகழ்ந்தால் புகழப்பட்டது பட்டுப்போகும். அதற்குப் பெயர் நாவூறு. அந்த நாக்கு எட்மண்டனில் இருக்கிறது. அவருக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது.

நாலாவது கன்று ஒருவர் கண்ணிலும் படாமல் மாடியில் பொக்ஸ் ரூம் என்கிற சின்ன அறைக்குப் போனது. ஜன்னலுக்கு அலுமினியத் தாள், அதற்கு மேல் தடித்த திரைச்சீலை, கதவுக்குப் பூட்டு. சூரியனும் எட்டிப் பார்க்க முடியாத அறையில் செடி எப்படி வளரும் என்று அவர் இன்ரநெற்றில் தேடினார். இந்த உலகத்தில் அதைப் பற்றிப் பொறுமையாக எழுதி வைத்திருப்பவர் யார்? எத்தனை மணி வெளிச்சம், எவ்வளவு சூடு, தண்ணீரில் எவ்வளவு புளிப்பு, எல்லாம் எழுதியிருந்தார்கள். என்ன செடி என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாவூறுக்குப் பயந்த நல்ல மனிதர்கள் என்று சண்முகராசா அவர்களை மதித்தார்.

விளக்கு விற்கிற கடைக்காரரும் அவருக்கு அப்படித்தான் தெரிந்தார். சடை பின்னிய அந்த மனிதர் அறுநூறு வொற் விளக்கை எடுத்து வைத்துவிட்டு எத்தனை செடி என்று கேட்டார். சண்முகராசா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதையெல்லாம் வெளியில் சொல்லக்கூடாது என்றார். கடைக்காரர் மரியாதையோடு தலையாட்டி, அப்படியென்றால் இதுவும் தேவை என்று ஒரு பெரிய விசிறியையும், வாசத்தை உறிஞ்சும் கரி நிரப்பிய வடிகட்டியையும் கொண்டுவந்து வைத்தார். தெருவில் ஆறு தமிழ் வீடு இருக்கிறது, கறிவேப்பிலை வாசம் போனால் அவ்வளவு வீடும் மோப்பம் பிடித்துவிடும். மனிதருக்கு என்ன முன்யோசனை என்று சண்முகராசா வியந்துபோனார்.

மூன்று மாதத்தில் கன்று நெஞ்சளவு வளர்ந்தது. மேலே இருபத்தெட்டு பாகை சூடு. கீழே மனைவி யோகமலர் இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு இடியப்பம் பிழிந்தாள். "எனக்கு ஒரு ஹீற்றர் போட மூண்டுதரம் கேக்கவேணும். மேல நிக்கிற அவவுக்கு மட்டும் நாள் முழுக்க வெயில் அடிக்கிறியள்" என்றாள். அவர் குற்றம் செய்தவரைப் போல மாடிக்குப் போய்விட்டார். போன இடமும் அதே அறைதான்.

டிசம்பரில் பனி கொட்டியது. தெரு முழுக்கக் கூரைகள் வெள்ளையாகக் கிடக்க, சண்முகராசா வீட்டுக் கூரையில் மட்டும் பொக்ஸ் ரூமுக்கு நேர்மேலே ஓடு கறுப்பாகத் தெரிந்து, கூரை விளிம்புப் பீலியால் தண்ணீர் சொட்டியது. பாலேந்திரா வந்து வீதியிலேயே நின்று இது என்ன அதிசயம் என்று கேட்டான். அந்த அறையில் பிள்ளையார் படம் இருக்கிறது என்றார் சண்முகராசா. சொன்ன பிறகு அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அதே கூரையை வேறு யாரோகூடப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளையார் நினைவு வரவில்லை, பொலிஸ் நினைவுதான் வந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பொலிஸ்காரர் வீட்டைச் சோதிக்கும் உத்தரவுத் தாளோடு வந்து நின்றார்கள். சண்முகராசா உள்ளே போய், குரோய்டனிலிருந்து வந்த பதினொரு வருடக் கடிதமெல்லாம் அடுக்கிய பைலை எடுத்துவந்து நீட்டினார். சார்ஜன்ட், நடுத்தர வயதுப் பெண், அதைத் தொடவில்லை. மேலே வளர்க்கிற செடியைப் பார்க்கவேண்டும் என்றார்.

"அப்பா, அவையள் கஞ்சா எண்டு நினைக்கினம்" என்றாள் மகள் துஷ்யா.

சண்முகராசா நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டார். பதினொரு வருடமும் கண்முன்னே உருண்டு விழுந்தது. விலங்கு, வழக்கு, குரோய்டன், பிளேன். ஆனால் பாருங்கள், இந்த இனத்தின் இலட்சணம் இங்கேதான் தெரியும். அதற்கும் மேலான ஒரு பயம் வந்து அவரை எழுப்பிவிட்டது. இவர்கள் செடியைப் பார்க்கப் போகிறார்கள். அவர் பாய்ந்து போய் மாடிப்படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கஞ்சா இல்லை என்று யாராவது அதுவரை நினைத்திருந்தாலும் அந்த நினைப்பு அத்தோடு போனது.

தெரிந்த இங்கிலிஷ் எல்லாம் மறந்துவிட, மகளைப் பார்த்துத்தான் சொன்னார். "பாக்கட்டும் பிள்ளை. பிடுங்கிக்கொண்டு போறதெண்டாலும் போகட்டும். நல்லா இருக்கெண்டு மட்டும் வாயால சொல்ல வேண்டாமெண்டு சொல்லு."

துஷ்யா அதை மொழிபெயர்க்கவில்லை. வெட்கம்.

கதவு திறந்தது. அறுநூறு வொற் வெளிச்சத்தில், மினுமினுக்கிற இலையோடு, நெஞ்சளவுக் கறிவேப்பிலை ஒன்றே ஒன்று நின்றது. ஒரு பொலிஸ்காரர் இலையொன்றைக் கிள்ளிக் கசக்கி மணந்து, இது, தான் வழக்கமாகச் சாப்பிடுகிற கறிக்குள் கிடக்கிற சாமான் என்று சிரித்தார். சார்ஜன்ட் நெடுநேரம் பார்த்தார். பிறகு, இருபது வருடமாக இப்படி எத்தனையோ அறை திறந்திருக்கிறேன், இவ்வளவு அழகான செடியை ஒருநாளும் கண்டதில்லை என்றார். சண்முகராசா கண்ணை மூடிக்கொண்டார்.

யோகமலர் தேத்தண்ணி கொடுத்தாள். இது குரோய்டனுக்குப் போகுமா என்று சண்முகராசா மூன்றுதரம் கேட்டார். கறிவேப்பிலை வளர்ப்பது குற்றமில்லை, எங்கேயும் போகாது என்று சார்ஜன்ட் மூன்றுதரமும் சொன்னார்.

அவர்கள் போன கையோடு யோகமலர் செத்தல் மிளகாயும் உப்பும் அள்ளிக்கொண்டு மேலே போய், செடியை மூன்றுதரம் சுற்றி, அந்த அறையிலேயே தட்டில் கரி மூட்டி எரித்தாள். மிளகாய் நெடி ஏறி இருமல் வந்தால் நாவூறு இல்லை. வராவிட்டால் பட்டிருக்கிறது. இருவரும் காத்து நின்றார்கள். ஒரு தும்மல்கூட வரவில்லை. "பாத்தீரே, எவ்வளவு பெரிய நாவூறு" என்றார் சண்முகராசா. தலைக்கு மேலே கரி வடிகட்டி இரைந்து இரைந்து நெடி முழுவதையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செடி பிழைத்தது. மிளகாய்தான் காப்பாற்றியது என்பதில் அந்த வீட்டில் இரண்டாம் பேச்சு இல்லை.

வருடம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது குரோய்டனிலிருந்து கடிதம் வந்தது. நிரந்தரமாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. சண்முகராசா நாலுதரம் வாசித்தார். யோகமலர் அழுதாள், அவரும் அழுதார். அப்படிச் சந்தோசம் அந்த வீட்டில் அதுவரை வந்ததில்லை. பிறகு அவர் எழும்பிப் போய் முன்னறைத் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

அன்று பின்னேரமே பாலேந்திரா போன் எடுத்து, குரோய்டனால் ஏதாவது வந்ததா என்று கேட்டான்.

"ஒண்டும் வரேல்லை தம்பி" என்றார் சண்முகராசா. கடிதம் பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு, மேலே கறிவேப்பிலைச் சட்டியின் அடியில் இருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்ததையும், வீடு பார்த்து வைத்திருப்பதையும், மருமகளுக்கு இரண்டு மாதம் என்பதையும் எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்? எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவருக்கு, "ஏதோ இருக்கிறம்" என்றுதானே சொல்லிவிட்டு வந்தீர்கள்? அந்த ஏதோவுக்குப் பின்னால் எத்தனை வொற் விளக்கு எரிகிறது? வேண்டாம், சொல்லாதீர்கள். அடுத்தமுறை பனி கொட்டும்போது மட்டும் ஒருதரம் வெளியே வந்து, உங்கள் கூரையை நிமிர்ந்து பாருங்கள்.