பிழையோட்டியும் பிரிண்டரும்

மூன்றாவது மாடி வரைக்கும் வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு லேப்டாப். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கி வருவதுபோல் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். சூடு தாங்காமல் அலறிக்கொண்டிருந்த ஒரு பழைய மெஷினுக்கு அதன் சொந்தக்காரர் செய்தித்தாளால் விசிறிவிட்டார். பெற்ற பிள்ளைக்கு அவர் அப்படி விசிறியிருப்பாரா என்பது சந்தேகம்.

கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. மேலே முன்பு மெத்தை விற்ற கூடம். மெத்தைக்காரர் கடையைக் காலி செய்துவிட்டார். ஆளைத் தூங்கவைக்கும் தொழில் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. இப்போது அதை நடத்துபவர் பிழையோட்டி ஐயா.

பேயோட்டுகிறவனுக்குப் பேய் பிடித்த ஆள் தினம் கிடைப்பதில்லை. ஐயா விவரமானவர். வெப்சைட் கட்டக் கற்றுக்கொள்கிறவர்களைப் பிடித்தார். கற்கிறவன் கையில் பிழை வராத நாள் உண்டா? வற்றாத சரக்கு.

அப்போது யாரைக் கேட்டாலும் ஃபுல் ஸ்டாக் படிக்கிறேன் என்றார்கள். ஒரு வெப்சைட்டின் முகப்பு, உள்ளே நடக்கும் வேலை, தகவலைச் சேர்த்துவைக்கும் கிடங்கு, இந்த மூன்றையும் ஒரே ஆள் கட்டுவதற்கு அந்தப் பெயர். கொத்தனாரும் தச்சரும் காவல்காரரும் ஒரே சட்டைக்குள் இருப்பதுபோல. மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்தால் வரும். உட்காரத்தான் யாருக்கும் முடியவில்லை.

ஐயாவின் முறை எளிது. நோயாளி மெஷினை மேசையில் வைக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் காப்பை, அதாவது ஒரு பென் டிரைவை, ஐயா அதில் செருகுவார். மேலே கறுப்புத் துணி விழும். கூடத்தில் உள்ள அத்தனை பேரும் கண்ணை மூடித் தலையைக் குனிய வேண்டும். பார்த்தால் பிழை பார்த்தவர் மெஷினில் ஏறிக்கொள்ளுமாம். மூன்று நிமிடம் கழித்துத் துணியை எடுத்தால் சிவப்பு எழுத்தில் கத்திக்கொண்டிருந்த பிழைச் செய்திகள் ஒன்றுகூட இருக்காது. பக்கம் முழுக்கக் கன்னங்கரேலென்று மாறியிருக்கும். பிழைக்கு இருட்டு ஆகாது என்பார் ஐயா. கைதட்டல் அடங்கியதும் அவருடைய மச்சான் எழுந்து, கனத்த குரலில், 'பிழை நீங்கிய சான்றிதழ்' வாசித்துக் கொடுப்பார். அதற்காகவே மூலையில் ஒரு பிரிண்டர்.

கட்டணம் கிடையாது. காப்பு மட்டும் வாங்கினால் போதும். அதில் சாதா, வெள்ளி, தங்கம் என்று மூன்று தரம். உள்ளே இருப்பது மூன்றிலும் ஒன்றுதான். டப்பாதான் வேறு.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. படிப்புத் திட்டம் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுவந்து ஐயா காலடியில் இருக்கும் காகிதம் அரைக்கும் மெஷினில் போட்டுவிட வேண்டும். "திட்டம் இருக்கிற வீட்டுல அருள் தங்காது" என்பது அவர் வாக்கு. இருக்காதா பின்னே. திட்டப்படி படித்து முடித்தவன் ஏன் மூன்று மாடி ஏறப்போகிறான்?

வரிசையில் நாற்பதாவது ஆளாக நின்றவள் ஒரு சூப்பர் மார்க்கெட் காசாளர். பகலெல்லாம் பிஸ்கட்டையும் சோப்பையும் பீப் பீப்பென்று தள்ளிவிடும் வேலை. அதிலிருந்து தப்பிக்க இருபத்துநான்கு வாரத் திட்டம் ஒன்றைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டிப் படித்துவந்தாள். முதல் வாரம் தலைப்பும் பத்தியும், ஆறாம் வாரம் வண்ணமும் அமைப்பும், பதினான்காம் வாரம் சர்வர், பதினாறாம் வாரம் கிடங்கு. பதினேழு வாரங்களுக்கு நேராகப் பச்சை மையில் டிக் விழுந்திருந்தது. பதினெட்டில் ஐயாவின் புகழ் காதில் விழுந்தது. அதோடு பச்சை மை காய்ந்துவிட்டது.

அவள் கட்டியது ஒரு பல் டாக்டருக்கான வெப்சைட். நோயாளிகள் அதில் நேரம் குறித்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைக்குள் சரியாக ஓடினால், அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளுக்கே கொடுப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். அன்று புதன். ஓடவில்லை. 'பதிவு செய்' என்று அழுத்தினால் எதுவும் பதிவாகாது. தப்பு நேர்ந்தால் பக்கத்தின் அடியில் சிவப்பில் காட்டும்படி பாடத்தில் கற்றபடியே செய்துவைத்திருந்தாள். அது பதினோரு வரிக்குக் காட்டியது. படித்துப் பார்க்கத் தைரியம் இல்லை. சிவப்பைக் கண்டதுமே மெஷினை மூடிவிட்டாள்.

துணைக்கு வந்திருந்தவர் அவளுடைய அண்ணி, அண்ணன் மனைவி. பெயிண்ட் கடை நடத்துகிறவர். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது பில் போடுவதும் பிரிண்ட் எடுப்பதும்தான். நாத்தனார் அலமாரிக் கதவிலிருந்து திட்டத்தைப் பிய்த்தபோது, எதுவும் கேட்காமல் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார்.

"அந்தப் பேப்பரை இப்படிக் குடு, நான் வெச்சுக்கறேன். உனக்குக் கை நிறைய மெஷினு."

"கடைசியில அதை அரைக்கணும் அண்ணி."

"அரைப்போம், அரைப்போம். ஒரு டிக்குக்கு ஒரு வாரம் போச்சேன்னு பாக்கறேன். பதினேழு வாரமா எங்க வீட்டுல குழம்பெல்லாம் அடிப்பிடிச்சது இதாலதானே."

முறை வந்தது. மெஷின் மேசைக்குப் போனது. காப்பு செருகப்பட்டது. துணி விழுந்தது. அறுபது தலைகள் குனிந்தன. அண்ணியும் குனிந்தார். கடைக்காரர்களுக்குக் குனிந்தபடியே பார்க்கத் தெரியும். துணிக்கு அடியில் ஐயாவின் விரல்கள் மந்திரம் எதுவும் செய்யவில்லை, டைப் அடித்துக்கொண்டிருந்தன.

துணி விலகியது. கறுப்புப் பக்கம். சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை. நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. கூடம் கைதட்டியது. அண்ணி மட்டும் திரைக்கு அருகே போய், 'பதிவு செய்' என்ற பொத்தானுக்குக் கீழே பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லாதது பதினோரு வரி நீளத்துக்கு இருந்தது.

வீட்டை விற்கிறவர்கள் சிலர் அவர் கடைக்கு வருவார்கள். எல்லாச் சுவருக்கும் வெள்ளை கேட்பார்கள், ஒரே ஒரு சுவருக்கு மட்டும் அடர்ந்த நிறத்தில் சின்ன டப்பா. எந்தச் சுவரில் ஈரம் ஊறுகிறது என்று அண்ணி கேட்கவே மாட்டார். அந்த டப்பாவே சொல்லிவிடும்.

சான்றிதழோடு மச்சான் எழுந்தார். அண்ணி கையைக் கூப்பாத குறையாக ஐயா பக்கம் திரும்பினார்.

"ஐயா, சான்றிதழ் எல்லாருக்கும் குடுக்கறீங்க. எனக்கு இந்தப் பக்கத்தையே பிரிண்ட் போட்டுக் குடுங்களேன். பிரேம் போட்டுக் கடையில மாட்டறேன். கட்டட வேலைக்காரங்க, இன்ஜினீயருங்க எல்லாம் வந்து போற இடம். ஐயா பேரு நாலு பேருக்குத் தெரியட்டும்."

விளம்பரத்தை வேண்டாம் என்கிற வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. ஐயா புன்னகையோடு மச்சானுக்குக் கண்காட்டினார். மச்சான் அழுத்தினார்.

பிரிண்டர் இருக்கிறதே, அது பக்தியில்லாத பிராணி. பின்னால் தடவிய கறுப்பை அது கண்டுகொள்ளவில்லை. மையை வீணாக்குவானேன் என்று வெள்ளைக் காகிதத்தில் எழுத்துகளை மட்டும் இறக்கியது. கறுப்பில் ஒளிந்திருந்த கறுப்பு எழுத்துகள் வெள்ளையில் பளிச்சென்று வந்து நின்றன. மச்சானுக்கு வருவதை வாசித்துத்தான் பழக்கம், யோசித்து அல்ல. அதே கனத்த குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"பதிவு நடக்கவில்லை. கிடங்கு இன்னும் திறக்கப்படவில்லை. நாற்பத்திரண்டாம் வரி. பதிவு நடக்கவில்லை. கிடங்கு இன்னும்..."

நாலாவது வரியில்தான் அவருக்கே உறைத்தது. காகிதத்தை மடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அங்கே அண்ணியின் கை காத்திருந்தது.

பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு பேக்கரிக்காரர் எழுந்தார். தங்கக் காப்பு அணிந்தவர். தன்னுடையதையும் பிரிண்ட் போடச் சொன்னார். அவருக்கு இரண்டு பக்கம் வந்தது. அடுத்து டாக்ஸி ஓட்டும் ஒருவர், அவருக்கு ஐந்து. காகிதம் தீர்ந்துபோய், சான்றிதழின் முதுகிலேயே அச்சிட வேண்டியதாயிற்று.

ஐயா எழுந்து நின்றார். முகத்தில் சலனமே இல்லை. தொழில்காரர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

"யாரும் பயப்படாதீங்க. திரையில இருந்து நான் ஓட்டிட்டேன். அதுங்க போக்கிடம் இல்லாம பிரிண்டருக்குள்ள பூந்துடுச்சு."

சிலர் தலையாட்டியும் விட்டார்கள்.

அண்ணி தாடையில் கையை வைத்துக்கொண்டார். "அப்போ மெஷினு சுத்தம்னு சொல்றீங்க. ரொம்பச் சந்தோஷம். எனக்குக் கடவாய்ப்பல்லு வலி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒரு நேரம் எழுதிக்குங்க."

ஐயா நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் ஐயாவைப் பார்த்தாள். பிறகு அவளே அண்ணியின் பெயரை அடித்து, நேரத்தைப் போட்டு, 'பதிவு செய்' என்று அழுத்தினாள். ஐயாவின் கறுப்பு எட்டாத தனிப் பக்கத்தில் இருந்த பட்டியலைத் திறந்தாள். காலி. இன்னொரு முறை அழுத்தினாள். காலி. முன்பாவது ஓடவில்லை என்று பக்கம் கத்தியது. இப்போது அதன் வாயையும் பொத்தியாகிவிட்டது.

"இது இப்படியே டாக்டர்கிட்ட போயிருந்தா?" என்றாள் மெல்ல.

"பல்வலிக்காரங்க பத்துப் பேரு ஒரே நேரத்துல வந்து உன் பேரைக் கேட்டிருப்பாங்க" என்றார் அண்ணி. "மேல பெயிண்ட் அடிச்சா ஈரம் காயாதும்மா. ஒழுகற குழாயைத்தான் தேடணும்."

அதன்பிறகு கூடத்தில் நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. காப்புகள் கழுத்திலிருந்து இறங்கின. பேக்கரிக்காரர் வாசலை மறித்து நின்றார். அவர் அகலத்துக்கு அது சுலபம். பக்கத்தின் நிறத்தையும் எழுத்தின் நிறத்தையும் ஒன்றாக்குகிற ஒற்றை வரியைத்தான் எல்லா மெஷினிலும் எழுதிவிட்டதாக ஐயா ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறாம் வாரப் பாடம். ஃபுல் ஸ்டாக்கில் ஐயா அதுவரைக்கும்தான் படித்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி பையிலிருந்து திட்டத்தை எடுத்து, நாலு மூலையிலும் டேப் போட்டு, அதே அலமாரிக் கதவில் ஒட்டினார். நாத்தனார் அச்சிட்ட காகிதத்தை முதல்முறையாக நிதானமாகப் படித்தாள். பதினோரு வரியும் ஒரே விஷயத்தைத்தான் பதினோரு தடவை சொல்லியிருந்தது. கிடங்கு திறக்கும்வரை நிற்காமல் இவள் தகவலை உள்ளே தள்ளப் பார்த்திருக்கிறாள்.

"கடையைத் திறக்கறதுக்கு முன்னாடி லாரிக்காரன் சரக்கை இறக்கிட்டுப் போன கதைதானே?" என்றார் அண்ணி.

ஒரு வேலை முடியும்வரை அடுத்ததைக் காக்கவைப்பது எப்படி என்பதுதான் பதினெட்டாம் வாரப் பாடம். ஐயாவைப் பார்க்க வரிசையில் நின்றதில் அதுதான் தவறிப்போயிருந்தது. அப்படி நின்று காத்திருந்த நேரத்தில் அதை இரண்டு தடவை படித்திருக்கலாம். வியாழக்கிழமை முழுவதும் உட்கார்ந்தாள். சாயங்காலம் அண்ணியின் பெயரையும் அதே வெள்ளிக்கிழமை பத்து மணியையும் போட்டு அழுத்தினாள். பட்டியலில் விழுந்தது. அண்ணி தன் கையாலேயே பச்சை மையில் டிக் போட்டார்.

பட்டியலில் விழுந்த அண்ணியின் பெயரை அழிக்க மறந்து, வெப்சைட்டை அப்படியே டாக்டருக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டரின் கிளினிக்கிலிருந்து அண்ணிக்குப் போன் வந்தது, நீங்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று. வேலை நாத்தனாருக்கு உறுதியானது. அண்ணிக்கு நன்றாக இருந்த பல்லையெல்லாம் தட்டிப் பார்த்து அனுப்பினார்கள்.

கண்ணாடிக் கடையின் மாடியில் பலகை இறங்கிவிட்டது. ஆனால் மறுவாரம் அந்தப் படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் நின்றார்களாம், கையில் பிரிண்டரோடு. ஐயா எங்கே போய்விட்டார், இதற்குள் புகுந்ததை யார் ஓட்டுவது என்று விசாரித்தார்களாம்.

அவர்களுக்கு ஒரு சேதி. சிவப்பில் வருவது சாபம் இல்லை. எங்கே தவறினாய் என்று வரி எண்ணோடு சொல்லும் கடிதம். அதைப் பிரித்துப் படிக்காமலே மூன்று மாடி ஏறுகிறவர்களே, கீழே இருப்பது கண்ணாடிக் கடை. முதலில் அங்கே போங்கள்.