பின்னறையில் ஒரு சாய்வு நாற்காலி

வீட்டில் வேஸ்ட் என்று ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது என்று மனிதர் சபதம் போட்டார். உண்மையில் அவருக்கு வேண்டியது பின்னறை. அதில் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். ஹாலில் படுத்தால் ஏதாவது ஒரு வேலை அவரைத் தேடிக்கொண்டு வந்துவிடுகிறது. பின்னறையோ மனைவியின் பழைய சாமான்களால் நிரம்பி வழிந்தது.

வழி தொழிற்சாலையில் கிடைத்தது. பாட்டில் மூடி செய்கிற இடம் அது. கோணல் மூடிகளைப் பொறுக்கி ‘ரிஜெக்ட்’ என்று ஒதுக்குவதுதான் அவர் உத்தியோகம். அங்கே ஒரு வாத்தியார் வந்து வேஸ்ட் ஒழிப்பு வகுப்பு எடுத்தார். தொடாமல் கிடக்கும் பொருள்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டு. ஒரு வாரத்துக்குள் யாராவது அதை உபயோகித்துக் காட்டினால் தப்பித்தது. இல்லையென்றால் பழைய சாமான் கடைக்குப் போக வேண்டியதுதான். மனிதர் ஒரு கட்டு ஸ்டிக்கரோடு வீட்டுக்கு வந்தார்.

“அப்போ உங்க எக்ஸர்சைஸ் சைக்கிள்?” என்றாள் மனைவி.

“தினமும் அதுலதான் சட்டை மாட்டறேன். உபயோகத்துல இருக்கு.”

“பொருள் மட்டும்தான் வேஸ்ட்டாங்க?”

“அப்படிக் கேளு. தேவையில்லாத நடை வேஸ்ட். சும்மா கிடக்கற இடம் வேஸ்ட். இருக்கறதுலேயே பெரிய வேஸ்ட் எது தெரியுமா? கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கற ஆளு. வாத்தியார் போர்டுலயே எழுதிப் போட்டாரு.”

“நல்லாத்தான் சொல்லியிருக்காரு.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் கொண்டுவந்த எந்தச் செய்தியையும் அவள் நல்லது என்று சொன்னதில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

பிடியில்லாத குக்கர், கம்பி நீட்டிய குடைகள், பூட்டுத் தொலைந்த பெட்டி என்று எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் விழுந்தது. தையல் மெஷின் முன்னால் வந்ததும் அவர் கை கொஞ்சம் தயங்கியது.

“ஒட்டுங்க, ஒட்டுங்க. ஒரு வாரம் டைம் இருக்குல்ல?” என்றாள் அவள்.

வாரம் முழுக்க மனிதர் வேலை முடிந்து வந்து ஒண்டியாளாக எல்லாவற்றையும் வராந்தாவுக்குச் சுமந்தார். ஒட்டடை அடித்தார். சுவருக்கு வெள்ளையடித்தார். ஜன்னல் பக்கம் புதுசாக ஒரு விளக்குப் போட்டார். முதுகு விட்டுப்போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

“வீட்டுல சண்டை போடலையா, சார்?”

“வாயே திறக்கல.”

“எனக்கே பயமா இருக்கு, சார்.”

ஞாயிறு காலையில் அவர் கடைக்குப் போய், சாய்வு நாற்காலியைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பினார். பின்னறைக்குள் கடகடவென்று சத்தம். ஜன்னல் பக்கம், புது விளக்குக்கு நேர் கீழே, தையல் மெஷின். மனைவி மிதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டம்மா ஒரு மூட்டைத் துணியோடு நின்றாள்.

“பாருங்க, உபயோகத்துக்கு வந்தாச்சு. ஸ்டிக்கரை எடுத்துடலாம்ல?” என்றாள் மனைவி.

“அதுக்கு இந்த ரூம்தான் கிடைச்சுதா?”

“இத்தனை நாளா மெஷினைப் போட இடமில்லாமத்தான கிடந்துச்சு. நீங்களே காலி பண்ணிட்டீங்க. இடம் வேஸ்ட்டாகலாமா?”

“இது நான்...” என்று ஆரம்பித்தார்.

“நீங்க?”

“நான் கொஞ்சம் படுக்கலாம்னு...”

“படுத்து?”

“படுத்து... சும்மா...”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“சும்மாவா? அதுக்கு உங்க வாத்தியார் போர்டுல என்னமோ எழுதிப் போட்டாருன்னீங்களே?”

மனிதர் நாற்காலியை இறக்கி வைத்தார். “நல்லவேளை, கால் கடுத்துப்போச்சு,” என்று பக்கத்து வீட்டம்மா அதில் சாய்ந்துகொண்டாள். மனைவி ஒரு சட்டையையும், நூல் கோத்த ஊசியையும், ஒரு கைப்பிடி பித்தான்களையும் அவரிடம் நீட்டினாள்.

அவர் தரையில் உட்கார்ந்து, விரலில் இரண்டு முறை குத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பித்தானைத் தைத்து முடித்தார். அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

“கோணல். ரிஜெக்ட். பிரிச்சுட்டு மறுபடி தைங்க. நூலை மட்டும் வேஸ்ட் பண்ணிடாதீங்க.”