வெள்ளீய உதட்டுப்பூச்சு: அப்பாவின் பரிசோதனை முடிவு

அன்பு மகள் தாம்சினுக்கு,

ஸீஹானிலிருந்து அப்பா கிளைவ் எழுதுவது. ஹோபார்ட்டில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், மழைக்கும் குறைவில்லை.

நீ வீட்டில் காய்ச்சிய உதட்டுப்பூச்சில் இரண்டு குழல் அனுப்பி, "மினுக்கத்துக்குக் கொஞ்சம் வெள்ளீய ஆக்சைடு சேர்த்திருக்கேன். முப்பத்தோரு வருஷம் வெள்ளீயச் சுரங்கத்துல ஆய்வுக்கூடம் பார்த்தவர் நீங்கதானேப்பா? கெடுதல் உண்டா, பிரயோஜனம் உண்டான்னு சொல்லுங்க, அப்புறம்தான் சந்தையில கடை போடுவேன்" என்று எழுதியிருந்தாய். படித்ததும் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே சமையலறை ஜன்னலில் இருந்த குழலை எடுத்து மூன்று நாள் முழங்கைக்குப் பின்னால் தடவினேன், ஒன்றும் ஆகவில்லை, நாலாம் நாள் உதட்டிலேயே பூசிக்கொண்டு பந்து உருட்டும் கிளப்புக்குப் போனேன், மெர்வின் என்னைப் பார்த்து, "யாருக்குடா முத்தம் கொடுக்கக் கிளம்பிட்ட?" என்று கத்தினான், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மினுக்கம்தான் தெரியவில்லை, மீசை மறைத்திருக்கும். மறுநாள் அதிசயமாக வெயில் அடித்தது. பூசிக்கொண்டு தோட்டத்து நாற்காலியில் கண்ணயர்ந்தேன். எழுந்தால் மேலுதடு உருளைக்கிழங்கு மாதிரி வீங்கிக் கிடக்கிறது! பதறிப்போய்க் கிளப்புக்கு ஓடி, "என் பொண்ணு சரக்கை யாரும் வாங்காதீங்க!" என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் பூச்சு கேட்டிருந்த மூன்று பெண்களும் அங்கேயே வேண்டாம் என்றார்கள். மன்னித்துவிடு கண்ணு.

டாக்டர் ஓர்லா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இடுக்கியால் எதையோ பிடுங்கினார். "மிஸ்டர் பாஸ்கோ, வெள்ளீயத்துக்குக் கொடுக்கு உண்டா?" என்றார். தேனீ! அந்தப் பூச்சில் அப்படியொரு தேன் வாசனை. நீ அதைச் சேர்த்திருக்கக் கூடாது. மறுபடி கிளப்புக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வீங்கிய வாயால் சொன்னது ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

ஆகவே முடிவு: வெள்ளீய ஆக்சைடு தண்ணீரில் கரையாது, உடம்பில் ஊறாது, உதட்டுக்குப் பயமில்லை. பயம் உன் நெஞ்சுக்குத்தான். தூளை அள்ளும்போது பறக்குமே, அதை மூச்சில் இழுக்காதே. என் நெஞ்சு எக்ஸ்ரே படத்தில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள் அந்தத் தூசிதான். ஒன்றும் செய்யாது என்கிறார் ஓர்லா. இருந்தாலும் உன் படத்தில் நான் அதைப் பார்க்க வேண்டாம். மாஸ்க் போடு.

பிரயோஜனம் கேட்டாயே. முகம் ஒருபக்கம் கோணிப்போனதிலிருந்து அம்மா நாலு மாதமாகக் கண்ணாடி பார்க்கவில்லை, வாசல் தாண்டவில்லை. போன ஞாயிறு நீ அனுப்பியதைப் பூசிக்கொண்டு, "வா கிளைவ், போகலாம்" என்று அவளே கிளம்பினாள். கிளப்பில் விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்து, கோணல் வாயோடு சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் டன் டன்னாக வெள்ளீயம் பார்த்தவன், அது இப்படி ஒரு வேலை செய்து பார்த்ததில்லை.

நன்றாகச் சாப்பிடு, நிறைய விற்றுத்தள்ளு. என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா

பின்குறிப்பு: அம்மா இதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "கிளைவ், நீ பூசினது வெடிச்ச உதட்டுக்கு நான் வாங்கி வச்ச தேன்மெழுகு! பொண்ணு அனுப்பின ரெண்டும் வந்த அன்னிக்கே என் கைப்பைக்குள்ள போயாச்சு. ஒன்னு தீர்ந்தே போச்சு, எனக்கு என்ன ஆச்சு? இன்னும் நாலு அனுப்பச் சொல்லு." ஆகவே மேலே கண்ட பரிசோதனை முழுவதும் செல்லாது. மாஸ்க் மட்டும் செல்லும்.