எருமைக்கு ரிவர்ஸ் சொன்னவர்

செம்பாக்கம் ஏரியிலிருந்து எங்கள் தெருக்கோடி வரைக்கும், ரிவர்ஸ் அண்ணாவின் உத்தரவு இல்லாமல் எந்த வண்டியும் பின்னால் நகர்ந்ததில்லை. நான் மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். அவர் ஊரில் இல்லாத நாட்களிலும் சில வண்டிகள் நகரத்தான் செய்தன. ஆனால் அவையெல்லாம் எதையாவது இடித்துக்கொண்டு நின்றன. அதை நகர்ந்த கணக்கில் சேர்க்க முடியாது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டில் பார்த்தால் தெரியலாம், யாரும் பார்த்ததில்லை. செம்பாக்கத்தில் நெல் விளைந்த காலத்தில் ஏரிப் பாசனத்தில் அவர் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. இப்போது அந்த நிலத்தில்தான் நாங்கள் இருபது குடும்பங்கள் ஈ.எம்.ஐ. கட்டிக்கொண்டு குடியிருக்கிறோம். தெருமுனையில் ஒரு மூலையை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டு பைப், பெயிண்ட், ஆணி விற்கும் கடை போட்டிருந்தார். கடையை நடத்தியது அவர் மனைவி. அவர் நடத்தியது தெருவை.

எங்கள் தெரு முட்டுச்சந்து. அகலமும் அப்படி ஒன்றும் கிடையாது. உள்ளே வந்த வண்டி வெளியே போக வேண்டும் என்றால் பின்னாலேயே போக வேண்டியதுதான். ரிவர்ஸ் கியர் விழும் சத்தம் கேட்டால் போதும், தராசில் பாதி ஆணியும் வாடிக்கையாளர் கையில் பாதி ஆணியுமாக விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார். தோளில் கிடக்கும் துண்டு கைக்கு வரும். குரல் மேடவாக்கம் வரை போகும்.

“வர்லாம்... வர்லாம்... லெப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... ஒடிச்சிகினே வா... நேராக்கு... வா வா வா... ஓல்டான்!”

அப்புறம் டிக்கியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அது விழுந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். தண்ணீர் லாரி, ஸ்கூல் வேன், கல்யாணக் கார் எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான். எதிர் வீட்டுப் பெரியவர் காலமானபோது அமரர் ஊர்தி வந்தது. தெருவே அழுதுகொண்டிருக்க, இவர் மட்டும் “வர்லாம்... பூமாலைய மடிச்சிக்கோ... வர்லாம்” என்று அதையும் பத்திரமாக வெளியே கொண்டுவந்து இரண்டு தட்டும் தட்டினார். பெரியவரின் மகன் அழுகையைச் சற்று நிறுத்தி, “ரொம்ப தேங்க்ஸ்ணா” என்றுவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தார்.

நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இடித்த கார்களுக்கு இழப்பீடு கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது என் பிழைப்பு. இந்த லட்சணத்தில் சொந்தக் கார் வாங்கிய முதல் வாரமே என் வீட்டு கேட் தூணை இரண்டு முறை இடித்தேன். மூன்றாம் முறை இடிப்பதற்குள் ரிவர்ஸ் அண்ணா வந்து ஜன்னலில் தலையை நீட்டினார்.

“சார், நீ கண்ணாடியப் பாக்காத. பாத்தா பயந்துக்குவ. என் கொரல மட்டும் கேளு.”

அன்று முதல் தினமும் காலை எட்டே காலுக்கு என் கேட் முன்னால் அவர் நிற்பார். நான் கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் எருமை வந்தது. ஏரிப்பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஒன்று, என்ன நினைத்ததோ, எங்கள் முட்டுச்சந்துக்குள் நுழைந்து கடைசி வரை போய்விட்டது. ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர். மறு பக்கம் யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்த ஜல்லி. திரும்ப இடமில்லாமல் அப்படியே நின்றது. நாங்கள் பால்கனிகளிலிருந்து கத்தினோம். ஒருவர் பக்கெட் தண்ணீரை ஊற்றினார், வெயிலுக்கு அது எருமைக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டாம் மாடி டீச்சர், குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் புகார் போடுவதற்காக செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

ரிவர்ஸ் அண்ணா வந்தார். “கம்முனு இருங்கபா. பாவம், அது வழி தெரியாம பேஜாராகி நிக்குது. நீங்க கத்தினா அது இன்னா பண்ணும்?” என்றார். எருமைக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று துண்டை எடுத்தார்.

“வர்லாம்... வர்லாம்...”

எருமை ஒரு காதைத் திருப்பியது. பின்னங்கால் ஒன்று பின்னால் வந்தது. அப்புறம் இன்னொன்று.

“அப்டித்தான், வா வா... ஜல்லி கீது, ரைட்ல ஒடிம்மா... இன்னும் ஒடி... நேராக்கு...”

சத்தியமாகச் சொல்கிறேன், அது ரைட்டில் ஒடித்தது. தெருமுனையில் “ஓல்டான்!” என்றதும் நின்றது. முதுகில் இரண்டு தட்டு விழுந்ததும் தன் வழியே போயிற்று. அண்ணா நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பால்கனியை அண்ணாந்து பார்த்தார்.

“இன்சூரன்ஸ் சார், பாத்துகினியா? ஒரே வாட்டில வந்துட்ச்சு!”

டீச்சர் அதைக் குழுவில் போட்டார். குழுவிலிருந்து யாரோ வெளியே விட்டார்கள். இரண்டே நாளில் அந்த வீடியோ துபாயில் இருக்கும் என் மைத்துனருக்குப் போய், அவர் அதை எனக்கே அனுப்பினார், ‘உங்க ஏரியா மாதிரி இருக்கே’ என்று. மேளம் சேர்த்து ஒன்று, எருமைக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி ஒன்று என்று விதவிதமாகச் சுற்றியது. அண்ணாவை எல்லோரும் கொண்டாடினார்கள். கீழே, ‘யாருப்பா அந்த எருமையை விட மோசமான இன்சூரன்ஸ் சார்?’ என்று கேட்டிருந்தார்கள். என் அலுவலகத்தில் அதற்குப் பதில் தெரிந்த நாற்பது பேர் இருந்தார்கள்.

சனிக்கிழமை ஆனால் சிறுசேரி ஐ.டி. பிள்ளைகள் கார் காராக வந்தார்கள். வெளியே போவதற்காக அல்ல, ரிவர்ஸ் வாங்குவதற்காகவே உள்ளே வந்தார்கள். “அண்ணா, அந்த எருமைக்குச் சொன்ன மாதிரியே எனக்கும் சொல்லுங்கண்ணா!” அண்ணாவும் சளைக்காமல் சொன்னார். சட்டைக்கு இஸ்திரி ஏறியது. துண்டுக்கு பார்டர் வந்தது. கடையிலிருந்து அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, கத்துவார்: “ஊர்ல கீற வண்டியெல்லாம் பின்னால தள்ளிகினு இரு. நம்ம வூடு எப்போ முன்னால போறது?”

அப்போது பெருங்களத்தூரில் ஒரு கார் ஷோரூம் திறந்தார்கள். அண்ணாதான் சிறப்பு விருந்தினர். பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். “சார், நீ கூட வா. பெரிய எடம், எனக்கு ஒரு மாதிரியா கீது.” நான் கூட்டிப்போனேன். பொன்னாடை போர்த்தினார்கள், கூட்டம் கைதட்டியது. மேனேஜர் ஒரு புதுக் காரின் திரையை விலக்கினார். பின்பக்கம் கேமராவாம். உள்ளே டி.வி. மாதிரித் திரையாம். அண்ணா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்து, ‘இனிமே என் வேலை போச்சு, நான் தேவையில்ல’ என்று சொல்ல வேண்டுமாம். அதை வீடியோ எடுக்க மூன்று பேர் நின்றார்கள்.

அண்ணா கதவைத் திறக்கவில்லை. “நான் வண்டி ஓட்னதே இல்லபா” என்றார்.

எனக்கே அது அன்றுதான் தெரியும். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மேனேஜர் விடவில்லை. “பரவால்ல சார், வெளியில நின்னே சொல்லுங்க. ஒரு லைன்தானே?” அண்ணா பொன்னாடையைத் தடவினார். வாங்கிக்கொண்ட மரியாதைக்குப் பதில் மரியாதை செய்தாக வேண்டும் என்று நினைக்கிற மனுஷன். காரைப் பார்த்து, மெதுவாக, “இனிமே நான் தேவல்ல” என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

அந்த வீடியோ எருமையைவிட வேகமாக ஓடியது. ‘ஓட்டவே தெரியாத ரிவர்ஸ் மாஸ்டர்’ என்று தலைப்பு. மறுநாள் எட்டே காலுக்கு என் கேட் முன்னால் யாரும் இல்லை. அவர் கடைக்குள் உட்கார்ந்து ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார். போய்க் கூப்பிட்டால், “அதான் கேமரா வந்துட்ச்சே சார்” என்றார். தண்ணீர் லாரி மின்கம்பத்தைச் சாய்த்தது. ஸ்கூல் வேன் டீச்சரின் ஸ்கூட்டரைச் சாய்த்தது. என் கேட் தூண் விழுந்தேவிட்டது. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கடையிலயே கெடக்கறாரு சார். வாயே தொறக்க மாட்டேங்கறாரு. இதுக்கு அவுரு தெருவுலயே நிக்கலாம்” என்றார்.

மூன்று வாரம் இப்படிப் போனது. தூண் விழுந்ததில் என் கார் உருப்படாமல் போக, வேறு வாங்கினேன். வேறு ஷோரூமில்தான். ஆனால் இந்தக் காலத்தில் கேமரா இல்லாமல் யார் கார் விற்கிறார்கள்? காலையில் காரைக் கிளப்பிவிட்டு, இறங்கிக் கடைக்கு நடந்தேன்.

“அண்ணா, கொஞ்சம் வர்றீங்களா?”

“புது வண்டிதான சார்? கேமரா இல்ல?”

“இருக்குண்ணா. வேலை செய்யல.”

“அதுக்குள்ளவா?”

“நேத்தே போச்சு.”

அவர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதுக்குத்தான் பெரிய கடையிலலாம் நம்பி வாங்கக் கூடாதுன்றது” என்று எழுந்தார். “வர்லாம்... வர்லாம்...” என்று அந்தக் குரல் மூன்று வாரத்துக்கு அப்புறம் தெருவில் கேட்டதும் பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். இரண்டாம் மாடி டீச்சர் கைதட்டினார். இந்த முறை செல்போனை எடுக்கவில்லை.

கேமராவுக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ரிவர்ஸ் கியர் போட்டதும் திரையில் அவர் வந்துவிடுகிறார், துண்டை ஆட்டிக்கொண்டு, என் காரை மட்டுமே பார்த்துக்கொண்டு. சில நாள் அலுவலகத்துக்கு லீவு போட்டிருந்தாலும் எட்டே காலுக்குக் காரை எடுத்துவிடுகிறேன்.