சிங்கு நட்ட கற்கள்

சமையலறை மேடையில் போட்ட ஓட்டையை வைத்து ஓர் ஊரின் வரலாற்றையே எழுதிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஊர்க்காரர்.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் வழியில் அவருக்கு ஒரு கிரானைட் கடை. சிங்க் பதிக்க மேடைக் கல்லில் சதுரமாக ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள் அல்லவா? எல்லாக் கடையிலும் அது குப்பைக்குப் போகும். இவர் கடையில் சரித்திரத்துக்குப் போகும். அதனாலேயே ஊருக்கு அவர் 'சிங்கு'. புதிய கூரியர்காரர்கள் தலைப்பாகை கட்டிய ஆளைத் தேடிக் கடை வாசலிலேயே அலைவது இன்றும் நடக்கிறது.

எல்லாம் மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலுக்குத் தரை போடப் போனபோது ஆரம்பித்தது. பாறைகளுக்குப் பக்கத்தில் இருந்த தொல்லியல் துறையின் நீல போர்டுகளை எல்லாம் படித்துவிட்டுக் கொதித்துப்போய்த் திரும்பி வந்தார்.

"ராஜா வந்தான், ராஜா குந்தினான்னு அங்க போர்டு மேல போர்டு. நம்ம ஊர்ல இம்மாம் பேரு காலையிலேர்ந்து குந்திகினு கீறாங்க. ஒரு போர்டாச்சும் கீதா?"

மறுவாரமே பஸ் நிறுத்தத்தில், சிங்க் துண்டில் எழுத்து வெட்டிய முதல் கல் முளைத்தது. 'இவ்விடத்தில்தான் நம் ஊருக்கு முதல் பேருந்து வந்து, திரும்ப வழியின்றி மாட்டிக்கொண்டது.' அடுத்தது டீக்கடை. 'இங்கே ஒருமுறை டீ நன்றாக இருந்தது.'

டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். "இன்னா அண்ணாத்த, 'ஒருமுறை'ன்னு போட்டுகீற?"

"ஏன், அது என்னிக்குன்னு தேதியும் போடணுமா?"

டீக்கடைக்காரர் யோசித்துவிட்டுத் திரும்பிப் போனார். நினைவில்லை போலும்.

ஊரே இந்தக் கற்களைப் பார்த்துச் சிரித்தது. ஒரே ஒரு கல்லைப் பார்த்து மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அது பெரிய தெரு முனையில் இருந்தது. 'இவ்வழியே கன்னியம்மாள் முதன்முதலாகக் காலில் செருப்போடு நடந்தார்.' கன்னியம்மாள் சிங்குவின் அம்மா. அந்தக் கல்லை எடுக்கச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை.

பிறகு என் முறை வந்தது.

எங்கள் தெருவையும் மெயின் ரோட்டையும் ஒரு கால்வாய் பிரிக்கிறது. அதன்மேல் இருந்தது உடைந்த சிமென்ட் குழாய் ஒன்று. அதைப் பாலம் என்று நம்ப எங்களைப் பழக்கியிருந்தார்கள். ஒரு மழைநாளில் சிறுசேரி ஆபீசுக்குக் கிளம்பிய நான், ஸ்கூட்டி, லேப்டாப், மதியச் சாப்பாடு சகிதம் கால்வாய்க்குள் இறங்கினேன். சிராய்ப்பு ஆறுவதற்குள் கல் வந்துவிட்டது. 'சிறுசேரி கம்பெனியில் வேலை செய்யும் ஸ்டெல்லா, வண்டியோடு விழுந்து எழுந்த இடம்.'

ஆபீஸ் கேப் அந்த வழியாகத்தான் போகும். அன்று மாலைக்குள் என் டீம் முழுக்க அந்தக் கல்லின் படத்தைப் பார்த்துவிட்டது. மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் என் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கால்வாயின் ஆழத்தைக் கேட்டார்.

நேராகக் கடைக்குப் போனேன். "அண்ணாத்த, கல்ல எடுங்க. மானம் போவுது."

"இன்னா, தப்பா போட்டுட்டனா? நீ வுழல?"

"வுழுந்தேன்."

"எந்திரிக்கல?"

"எந்திரிச்சேன்..."

"அப்பால இன்னா? சண்டைல வுழுந்து எந்திரிக்காதவனுக்கே கல்லு நட்டு வச்சிகீறாங்க. நீ எந்திரிச்சி ஆபீசுக்கு வேற போயிகீற!"

சேற்றுச் சுடிதாரோடு ஆபீஸ் போனதை அதுவரை யாரும் சாதனையாகச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சில நாளில் என் கல்லுக்குத் துணை வந்தது. 'பாலம் கட்டித் தருவதாக ஊராட்சித் தலைவர் சொன்ன இடம்.' அடியில் பாதிக் கல் காலி.

"கீழ ஏன் அண்ணாத்த ஒண்ணும் எழுதல?"

"எத்தினி தபா சொல்றாரோ, அத்தினி கோடு போட வேணாமா?"

கோடுகள் வேகமாக வளர்ந்தன. ஊராட்சித் தலைவருக்குக் கோபமும் வளர்ந்தது. ஒரு காலையில் ஜேசிபியோடு வந்து இறங்கினார். சிங்கு அந்தக் கோடு போட்ட கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டார். தெருப் பெண்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு நின்றேன். கல்லை எடுக்கச் சொல்லிப் போனவளே காவலுக்கு நின்றது எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது.

"ஊர் மானத்த வாங்காத, எந்திரி!" என்று கத்தினார் தலைவர்.

"ஊர் மானம் அந்தப் பள்ளத்துலதான் கீது தலைவரே. மிஷினு வச்சினு கீறியே, தோண்டி எட்த்துக்க."

தலைவர் கையசைக்க, ஜேசிபி சிங்குவைச் சுற்றிக்கொண்டு கல்லின் பின்பக்கம் போகப் பார்த்தது. கால்வாய்க் கரை பொசுக்கென்று உள்வாங்கியது. பின்சக்கரம் சேற்றில் இறங்கி, வண்டி வானத்தைப் பார்த்து நின்றுவிட்டது. அதைத் தூக்க இன்னொரு ஜேசிபி வர மாலையாயிற்று. சிங்கு அதுவரை காத்திருக்கவில்லை. கடைக்குப் போய் நல்ல பெரிய சிங்க் துண்டாகப் பார்த்து எடுத்துத் துடைத்து வைத்தார். "இது வுழுந்து எந்திரிக்காத கேசு. வேற மாறி எழுதணும்."

எழுத வேண்டியிருக்கவில்லை. ஜேசிபி சேற்றில் நின்ற படம் எல்லா வாட்ஸப் குழுவிலும் சுற்றியது. மூன்று தேர்தலில் வராத பாலத்துக்கு அந்த மாதமே ஜல்லி வந்து இறங்கியது. தலைவர் மக்கள் நலனில் தூக்கம் இழந்துவிட்டதாகப் பேனர் வைத்தார்கள்.

திறப்பு விழாக் கல்வெட்டு வேண்டுமே! பக்கத்தில் இருந்த ஒரே கிரானைட் கடைக்கு ஒப்பந்தக்காரர் அசடு வழிய வந்தார். சிங்கு எதிர்ப்பேச்சே இல்லாமல் செய்து கொடுத்தார். தலைவர், துணைத்தலைவர், அவர்கள் கட்சி மாவட்டம், வட்டம் என எல்லாப் பெயரும் அதில் தங்க எழுத்தில் மின்னுகிறது. என் கல்லையும் கேட்காமலேயே பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பதித்துவிட்டார். நானும் எடுக்கச் சொல்லவில்லை.

"உங்க பேரையும் கீழ ஓரமா ஒரு வரி போட்டிருக்கலாமே, அண்ணாத்த?" என்று கேட்டேன்.

"எனுக்கு இன்னாத்துக்குமா கல்லு? நாந்தான் தெனம் இங்கயே கீறனே. பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடை வாசலில் அவர் தலை தெரிந்தால் ஹாரன் அடித்துவிட்டுப் போவேன். தெரியாத நாளில் ஆபீசுக்கு நேரமானாலும் வண்டியை ஓரங்கட்டி, கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.